முப்பத்து நாலு கிலோவும் ஒரு கீலும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேருக்கு நேரே "அமெரிக்க அனுபவங்கள்" என்று போட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் இந்த மேடையில் பல பேர் பேசிவிட்டார்கள். வேலை கிடைத்தது, வீடு வாங்கியது, இட்லி மாவு புளிக்காமல் கஷ்டப்பட்டது எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதனால் நான் வேறு ஒன்று பேசுகிறேன். 2009-ல் என் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு பழைய பிக்கப் வண்டிக்கு நானே பின் பம்பர் செய்தேன். அந்த பம்பரிலேயே ஸ்டெப்னியைத் தாங்கும் ஒரு கை, கேட் மாதிரி திறந்து மூடும். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மெக்கானிக்கல் தவிர மற்ற துறைக்காரர்கள் ஒரு இருபது நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அப்படி ஒன்று எதற்கு? நான் இருப்பது தெற்குக் கலிபோர்னியா. அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் பாலைவனம். அமெரிக்காவில் நில மேலாண்மைத் துறை என்று ஒன்று இருக்கிறது. அதன் கையில் இருக்கும் பொது நிலம் மட்டும் சுமார் 24 கோடியே 50 லட்சம் ஏக்கர். நம் தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில்தான். தார் போடாத மண் தடங்கள் அதில் ஆயிரக்கணக்கான மைல் ஓடுகின்றன. சனி ஞாயிறு வந்தால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை எடுத்துக்கொண்டு அந்தத் தடங்களில் போவது அங்கே பெரிய பொழுதுபோக்கு. நானும் அந்தப் பைத்தியத்தில் விழுந்தவன்.

மரணப் பள்ளத்தாக்கு என்று பெயர் பெற்ற டெத் வேலி தேசியப் பூங்காவில் ரேஸ்ட்ராக் என்று ஒரு காய்ந்த ஏரிப் படுகை உண்டு. கற்கள் தாமாக நகர்ந்து கோடு போட்டிருக்கும் இடம். இரவில் உறையும் மெல்லிய பனிப்பாளம் காலையில் உடைந்து, காற்று தள்ள, கற்களையும் தள்ளிக்கொண்டு போகிறது என்று 2014-ல் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். அதற்குப் போகிற மண் சாலை நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். கல் ஒவ்வொன்றும் அரிவாள்மணை மாதிரி. டயர் கிழியும், நல்ல ஸ்டெப்னி இல்லாமல் வராதே என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. செல்போன் எடுக்காது.

என் வண்டி 1994 மாடல் டொயோட்டா பிக்கப். கம்பெனிக்காரன் ஸ்டெப்னியைப் பின்பக்கத் தொட்டிக்கு அடியில் சங்கிலி போட்டுத் தொங்க விட்டிருப்பான். அந்த இடம் அவன் கொடுத்த டயருக்கு அளந்து வைத்தது. நான் 33 அங்குல உயர டயர் மாட்டியதும் ஸ்டெப்னி அங்கே போகவில்லை. தொட்டியில் போட்டால் பாதி இடம் போச்சு. ஆகவே பின்னால் பம்பரில் நிறுத்தி வைக்க வேண்டும். ஆனால் அப்படியே நிறுத்தினால் தொட்டியின் பின்கதவைத் திறக்க முடியாது. அதனால்தான் இந்தத் திறந்து மூடும் கை. ஒரு முனையில் கீல், மறுமுனையில் தாழ்ப்பாள், நடுவில் டயர்.

கடையில் கிடைக்குமே, வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் அப்படித்தான் வாங்கி மாட்டியிருந்தார். செய்த கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். ரேஸ்ட்ராக் பாதையில் மண் தகரக் கூரை மாதிரி வரி வரியாக இருக்கும். அதில் ஒரு மணி நேரம் ஓட்டினால் வண்டியில் உள்ள ஒவ்வொரு நட்டும் பேசும். ஓரிடத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது பார்த்தால், அவர் வண்டியில் டயர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. கீல் பம்பரில் சேரும் இடத்தில் வெல்டிங் ஓரமாக முக்கால் வட்டம் விரிசல். கயிற்றால் கட்டி, டயரைக் கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

அன்று இரவு வீட்டில் இதைச் சொன்னேன். அப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. "அப்பா, அது காட்டுல உடையாம ஹைவேல உடைஞ்சிருந்தா பின்னாடி வர்ற கார்ல இருக்கிறவங்க என்ன ஆவாங்க?" என்று கேட்டாள். அங்கே நெடுஞ்சாலையில் 65 மைல், அதாவது மணிக்கு 105 கிலோமீட்டர் வேகம். முப்பத்து நாலு கிலோ டயர் அந்த வேகத்தில் உருண்டு வந்தால் என்ன ஆகும் என்று நான் அவளுக்கு விளக்கவில்லை. பேசாமல் பேப்பரும் பென்சிலும் எடுத்தேன். இந்த வேலையில் அழகு, பெயின்ட், கொக்கி, விளக்கு எல்லாம் பிறகு. அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில் வேண்டும்.

தம்பிகளே, முதலாண்டு ஸ்டாட்டிக்ஸ் பாடத்தில் திருப்புத்திறன் என்று படித்திருப்பீர்கள். இங்கே போட்டுப் பார்ப்போம். டயரும் இரும்பு ரிம்மும் சேர்த்து நான் நிறுத்துப் பார்த்தது 34 கிலோ. கீலிலிருந்து டயரின் நடுவுக்கு 70 சென்டிமீட்டர். கையின் சொந்த எடை 14 கிலோ, அதன் மையம் 60 சென்டிமீட்டரில். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் 32 கிலோ-மீட்டர் வருகிறது. பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் கீலுக்குள் இரண்டு பேரிங்தான் இருக்கின்றன, அவற்றுக்கு இடையே 7 சென்டிமீட்டர். 32-ஐ 0.07-ஆல் வகுத்துப் பாருங்கள். மேல் பேரிங்கை ஒரு பக்கமும் கீழ் பேரிங்கை எதிர்ப்பக்கமும் சுமார் 460 கிலோ தள்ளுகிறது! 48 கிலோ பொருளுக்கு 460 கிலோ! அதுவும் வண்டி நிற்கும்போது. பள்ளத்தில் விழுந்து எழும்போது மூன்று மடங்கு வைத்துக்கொண்டால் 1,380 கிலோ. இது ஒரு தடவை வந்தால் பரவாயில்லை. தகரக் கூரை ரோட்டில் ஒரு நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை வரும். இரும்பு ஒரே அடியில் உடைவதில்லை. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அந்த மாதிரி அயர்ந்துபோய்த்தான் ஒடிகிறது. ஃபட்டீக் என்று படிப்பீர்கள்.

இதற்குப் பல பேர் செய்கிற வைத்தியம் கீலைப் பெரிதாக்குவது, உயர்ந்த ரக எஃகு வாங்குவது. எஃகின் பலத்தைக் கூட்டினால் வெல்டிங் ஓரத்தில் அயர்ச்சி ஆயுள் கூடுவதில்லை. விரிசல் ஆரம்பிக்கிற இடம் வெல்டிங் முடிகிற அந்த விளிம்பு. சாதாரண இரும்பாக இருந்தாலும் உயர் ரகமாக இருந்தாலும் அந்த விளிம்பு ஒன்றுதான். நம் ஊரில் ஐ.எஸ். 2062-ன் இ-250 என்று வாங்குகிற சாதாரணத் தகடே போதும். அங்கே அதற்குச் சமமாக ஏ-36 என்று கிடைக்கும்.

சரியான வைத்தியம் நம்ம ஊர் வீடுகளில் இருக்கிறது. பெரிய இரும்பு கேட் போட்ட வீடுகளைப் பாருங்கள். ஒரு வருஷத்தில் கேட் தொங்கிப்போய்த் தரையைக் கீறும். கெட்டிக்காரக் கொல்லராக இருந்தால் கேட்டின் நுனியில் அடியில் ஒரு சின்னச் சக்கரம் வைத்திருப்பார். எடை சக்கரத்தில் இறங்கிவிடும், கீல் பிழைத்துக்கொள்ளும். ஸ்டெப்னி தாங்கும் கைக்கும் அதே தத்துவம்தான்.

கை மூடிய நிலையில் அதன் நுனி வந்து உட்கார, பம்பரின் மறுகோடியில் சரிவாக ஒரு இரும்பு மேடை வெல்டு செய்தேன். கை மூடும்போது நுனி அந்தச் சரிவில் ஏறி, ஒரு மில்லிமீட்டர் தூக்கப்பட்டு உட்காரும். இப்போது கணக்கு மாறுகிறது. ஒரு முனை பிடித்த கேன்டிலீவராக இருந்தது இரு முனையும் தாங்கிய உத்திரம் ஆகிவிட்டது. மேடை கீலிலிருந்து 1.3 மீட்டர் தூரத்தில். 32-ஐ 1.3-ஆல் வகுத்தால் மேடையில் சுமார் 25 கிலோ, கீலில் மீதி 23 கிலோ. அவ்வளவுதான். பேரிங்குகளை எதிரெதிராகத் தள்ளிய அந்த 460 கிலோ ஏறக்குறைய மறைந்தே போகிறது. கை திறந்திருக்கும்போது மட்டும் அது திரும்ப வரும். அப்போது வண்டி நிற்கிறது, குலுக்கல் கிடையாது.

"ஏறக்குறைய" என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. டயரின் மையம் கைக்கு நேர் மேலே இல்லை. பின்னால் 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் கையை முறுக்கப் பார்க்கும். கீலும் மேடையும் அதைப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டால் ஒவ்வொரு பேரிங்கிலும் 50 கிலோ அளவு நிற்கும். அதற்காகத்தான் கைக்கு சேனலோ ஆங்கிளோ போடக்கூடாது, மூடிய சதுரக் குழாய்தான் போட வேண்டும் என்கிறேன். நான் போட்டது 50 மில்லிமீட்டர் சதுரம், கனம் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். அந்தக் குழாயை நீளவாக்கில் ஒரு கோடு அறுத்துவிட்டால், எடை குறையாது, பார்வைக்கு அப்படியே இருக்கும், ஆனால் முறுக்கைத் தாங்கும் விறைப்பு எழுபதில் ஒரு பங்காகிவிடும். நம்பாதவர்கள் அஞ்சல் அட்டையைச் சுருட்டி, ஒட்டியும் ஒட்டாமலும் முறுக்கிப் பாருங்கள்.

இனி கீல். அங்கே படகு ஏற்றும் டிரெய்லர்களுக்கான ஸ்டப் ஆக்ஸில், ஹப், இரண்டு டேப்பர் ரோலர் பேரிங், கிரீஸ் சீல் எல்லாம் ஒரு செட்டாகக் கடையில் கிடைக்கும். 3,500 பவுண்டு டிரெய்லர் ஆக்ஸிலுக்கானதை வாங்கி, ஆக்ஸிலைச் செங்குத்தாக நிறுத்தினால் அருமையான கீல். போல்ட்டும் புஷ்ஷும் வைத்துச் செய்கிற கீலில் தேய்மானம் வந்தால் ஆட்டம் வரும், ஆட்டம் வந்தால் அடி வரும். டேப்பர் பேரிங்கில் நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் ஆட்டம் போய்விடும்.

பம்பரின் முதுகெலும்பு 100 மில்லிமீட்டர் சதுரக் குழாய். ஆக்ஸிலை அதன் மேல்பக்கத்தில் உட்காரவைத்துச் சுற்றி வெல்டிங் அடிப்பவர்கள் உண்டு. நண்பர் வண்டியில் விரிசல் விட்டது அப்படிப்பட்ட இடம்தான். நான் குழாயின் மேல் சுவரிலும் கீழ்ச் சுவரிலும் வட்ட ரம்பத்தால் துளை போட்டு, ஆக்ஸிலின் தண்டை முழுக்க உள்ளே இறக்கி, இரண்டு சுவரிலும் வெல்டு செய்தேன். பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் பிடிப்பு. நட்ட கம்பத்துக்கும் தரையில் ஒட்டவைத்த கம்பத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

வெல்டிங்கில் என் கைக்கு ஆசான் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர். கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருஷம் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முதலில் என் கையிலிருந்து வெல்டிங் துப்பாக்கியை வாங்கிவைத்துவிட்டு, கிரைண்டரைக் கொடுத்தார். இணைப்பு பளபளவென்று ஆகும் வரை துருவையும் கரும்படலத்தையும் எடுக்கச் சொன்னார். அதற்கே அரை நாள். பிறகு நாலு புள்ளியில் டேக் வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, எதிரெதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தோம். சூட்டில் இரும்பு இழுக்கும். ஆக்ஸில் ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் 1.3 மீட்டர் தள்ளி இருக்கும் நுனி 2.3 சென்டிமீட்டர் இறங்கிவிடும். மேடையில் ஏறவே ஏறாது. ஃபிட்டிங் வகுப்பில் மூலைமட்டம் வைத்து வெளிச்சம் பார்த்து ராவினோமே, "இது எதுக்குடா நமக்கு" என்று முணுமுணுத்தோமே, அந்தப் பழக்கம் அன்றைக்குத்தான் கைகொடுத்தது.

இரண்டு எச்சரிக்கை. வெல்டிங் முடியும் வரை பேரிங்கை உள்ளே போடாதீர்கள். கரண்ட் பேரிங் வழியாகப் போனால் ரோலர்களில் பொட்டுப் பொட்டாகத் தீப்பொறி பட்டுக் கெட்டுவிடும், வெளியே தெரியாது. அடுத்தது, பம்பரை வண்டியில் வைத்துக்கொண்டு வெல்டிங் வேண்டாம். பெட்ரோல் டாங்க் பக்கத்திலேயே இருக்கிறது. அளவு பார்க்க மட்டும் மாட்டுங்கள், வெல்டிங்குக்குக் கழற்றித் தரையில் போடுங்கள். சேஸிஸில் பிடிக்கவும் நான் வெல்டிங் செய்யவில்லை. 6 மில்லிமீட்டர் தகட்டுக் காதுகள், ஒரு பக்கத்துக்கு ஆறு அரை அங்குல போல்ட்.

தாழ்ப்பாளுக்கு நெம்பி இறுக்கும் டாகிள் கிளாம்ப். அதன் வேலை கையை மூடி வைப்பது மட்டும். சுமை தாங்குவது மேடையின் வேலை. கிளாம்ப் தானாகத் திறந்துகொள்ளாமல் குறுக்கே ஒரு பின், அதற்கு ஒரு சங்கிலி. மேடான இடத்தில் வண்டி சாய்ந்து நிற்கும்போது திறந்த கை தானாக வந்து மூடும். 48 கிலோ கதவு விரலில் விழுந்தால் விரல் இருக்காது. ஆகவே திறந்த நிலையிலும் பூட்டி நிற்க இன்னொரு பின். கீலை நடைபாதைப் பக்கம் வைத்தேன், அங்கே அது வலது பக்கம். திறந்த கை போக்குவரத்துப் பக்கம் நீட்டக்கூடாது. நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் டயர் மறைக்காமல் இடம் மாற்றி வைத்தேன்.

பெட்ரோல் கேன் மாட்டவும் ஒரு சட்டம் வைத்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். இருபது லிட்டர் பெட்ரோலை, பின்னால் வந்து மோதுகிறவன் முதலில் தொடும் இடத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. எடையும் இருக்கிறது. பம்பர் 40, கை 14, டயர் 34, ஆக 88 கிலோ, பின் ஆக்ஸிலுக்கு 1.2 மீட்டர் பின்னால். வீல்பேஸ் 3.1 மீட்டர். நெம்புகோல் கணக்குப் போட்டால் முன் சக்கரங்களிலிருந்து 34 கிலோ பிடுங்கி, பின் சக்கரங்களில் 122 கிலோ ஏற்றுகிறது. பின் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டி, முகப்பு விளக்கையும் கீழே இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. பலமாக இருக்கட்டும் என்று 10 மில்லிமீட்டர் தகட்டில் பம்பர் செய்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

செய்து முடித்ததும் சோதனை. கையை முழுக்கத் திறந்து, நுனியில் நான் ஏறி நின்றேன். என் எடை 70 கிலோ. டயரும் கையும் தரும் 32-உடன் சேர்த்தால் 123 கிலோ-மீட்டர், கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் நுனியின் உயரத்தை மகள்தான் தரையிலிருந்து அளந்து எழுதினாள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தது. "சரி, ஆனா ஆயிரம் தடவை ஏறி நின்னா?" என்றாள். நல்ல கேள்வி. ஒரு தடவை தாங்கியது அயர்ச்சிக்குச் சாட்சி ஆகாது. அதற்கு வேறு வழி. முதல் ஆயிரம் மைலுக்குப் பிறகும், பின்னர் வருஷம் ஒரு தடவையும், கீலின் வெல்டிங்கைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் அடித்து, பத்து நிமிஷம் விட்டுத் துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்துப் பார்க்கிறோம். தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் வெள்ளையில் சிவப்புக் கோடாக ரத்தம் மாதிரி கசியும். மூன்று டப்பா, சொற்பச் செலவு. இதுவரை கோடு வரவில்லை. வந்தால் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டியதுதான், மேலே ஒரு பூச்சு வெல்டிங் அடித்து மறைக்க முடியாது.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே யாராவது அப்பாவின் ஜீப்பில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால் பொறுங்கள். நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டம் போல மாற்ற அனுமதிப்பதில்லை. வண்டிகளில் கூடுதலாக மாட்டும் இரும்புத் தடுப்புக் கம்பிகள் இந்தப் பிரிவுக்கு விரோதம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. விறைப்பான இரும்பு, நடந்து போகிறவனையும் இரு சக்கர வண்டிக்காரனையும் முதலில் காயப்படுத்தும். நம் தெருக்களில் அவர்கள்தான் அதிகம். என் வண்டி ஓடுவது ஆள் இல்லாத பாலைவனத்தில். அங்கேயும் ஊருக்குள் அதை ஓட்டும்போது பின்னால் பார்த்து இரண்டு மடங்கு நிதானமாகத்தான் எடுக்கிறேன். செய்து பழக ஆசை என்றால் பணிமனையில் ஒரு மாதிரி செய்து, மேடை வைத்தும் வைக்காமலும் எடை தொங்கவிட்டு அளந்து பாருங்கள். அல்லது விடுதியின் பின் கேட்டைப் போய்ப் பாருங்கள். நேற்று நான் பார்த்தபோது அது தரையைக் கீறிக்கொண்டிருந்தது. கீலுக்கும் நுனிக்கும் உள்ள தூரம், கேட்டின் எடை, சக்கரம் எங்கே வர வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு ஒரு அணி கொண்டு வந்தால், இரும்புக்கும் சக்கரத்துக்கும் ஆகும் செலவு என்னுடையது.

பம்பரின் வரைபடத்தின் நகல்கள் பணிமனைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன். அளவுகள் அங்குலத்தில் இருக்கின்றன, மன்னிக்கவும். நான் திங்கட்கிழமை வரை ஊரில் இருக்கிறேன். வெளியே டீ ஆறிக்கொண்டிருக்கிறது என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.